ஆறு ஒலிகளும் ஒரு கொசுறும்

எங்கள் பொத்தான் கடைக்கு அத்தானின் நாக்குதான் முதலீடு. அவர் என் அக்காவின் கணவர். கடையில் என் கூட்டாளி. வெள்ளைப் பொத்தான் கேட்டு வந்தவன், அவர் தள்ளிவிட நினைத்த ஊதாப் பொத்தானை வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போவான். அந்த நாக்கின் முன்பாதியைப் புற்றுநோய் என்று வெட்டி எடுத்துவிட்டார்கள்.

காயம் ஆறிக் கடைக்கு வந்தவர் ஒரு வாடிக்கையாளரிடம் விலை சொன்னார். அவன் திரும்பத் திரும்ப ‘என்ன, என்ன’ என்று கேட்டுவிட்டு, “பெரியவர் என்னதான் சொல்றார்?” என்று என்னிடம் திரும்பினான். அத்தான் எழுந்து மாடிக்குப் போனார். போனவர் இறங்கவில்லை. எழுதிக் காட்டுங்கள் என்று சொன்னதற்குப் பேனா என் மேல் பறந்து வந்தது. தன் பங்கை நானே எடுத்துக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சைகையில் சொல்லி அனுப்பினார்.

அவர் மகள் மொழியியல் படித்தவள். எதற்கும் வாதாடுவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

“இருக்கிற பாஷை அப்பா வாய்க்குப் பொருந்தலேன்னா, அளவெடுத்துப் புதுசா ஒண்ணு தைச்சிடலாம் மாமா” என்றாள்.

பாஷை என்ன சட்டையா என்று சிரித்தேன்.

அவள் நிஜமாகவே அளவெடுத்தாள். நாக்கு நுனி வேண்டிய ஒலிகள் எல்லாம் போய்விட்டன. உதடும் தொண்டையும்தான் மிச்சம். ஒன்பது மெய்யொலி வேண்டும் என்றாள். அத்தான் நாலு விரலைக் காட்டினார். எங்கள் வீட்டில் முதல் விலைக்கு எதையும் வாங்கிய சரித்திரம் கிடையாது. நாலை வைத்துக்கொண்டால் எல்லா வார்த்தையும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையில் இருக்கும் என்று அவள் மன்றாடினாள். நான் தரகனாகப் புகுந்து ஆறில் முடித்தேன்: ப, ம, வ, க, ங, ஹ. உடனே வக்கீல், அதே ‘ப’வை மெல்லச் சொன்னால் ஒன்று, அழுத்திச் சொன்னால் வேறொன்று என்று ஒரு சரக்கை இரண்டாகக் கணக்குக் காட்டினாள். வியாபாரி வீட்டுப் பெண் அல்லவா.

பிறகு உயிரொலிகள். சொல்லின் நடுவில் உதட்டை மாற்றினால் அத்தானுக்கு எச்சில் வழிந்துவிடும். கூசிப்போய் வாயை மூடிக்கொள்வார். ஆகவே ஒரு சட்டம் போட்டாள். திறந்த வாயில் தொடங்கிய சொல் திறந்தபடியே முடியும். குவிந்த உதட்டில் தொடங்கியது குவிந்தே முடியும். மாபா என்றால் வீடு. ஹோமு என்றால் ஆடு. அவர் பாதிச் சொல்லை விழுங்கினாலும் மீதி அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றாள். அவரைத் தலைகுனிய வைத்த ஒன்றையே அந்தப் பாஷைக்கு இலக்கணமாக்கிவிட்டாள். அன்றோடு என் சிரிப்பு நின்றது.

தண்ணீர், மருந்து என்று அவள் தொடங்க, அத்தான் முதலில் வேண்டும் என்று அடம்பிடித்தது வசவுகள். ஆடு வந்தது அப்படித்தான். பேரம் பேசத் தெரியாதவனுக்கு எங்கள் கடையில் அதுதான் பட்டம். கடைசியில் ‘கா’ சேர்த்தால் பெரியது: மாபாகா, பெரிய வீடு. குவிந்த சொற்களில் ‘பெரிய’ எப்படி வரும் என்பதை அவள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

ஒருநாள் அவள் கெஞ்சிக் கூத்தாடி அவரைக் கீழே அழைத்து வந்தாள். யார் கண்ணிலும் படாமல் அலமாரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து ஜிப் மொத்த வியாபாரி வந்து ஒரு விலை சொன்னான். எனக்குக் கவனமெல்லாம் பின்னால். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

“ஹோமுகோ.”

அலமாரிக்குப் பின்னாலிருந்து, தெளிவாக, பழைய எகத்தாளத்தோடு வந்தது. பெரிய ஆடு. நான்தான் அது. எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வக்கீலின் கையிலிருந்த பொத்தான் டப்பா அப்படியே நின்றது. “மாமா, நான் ‘கா’தான் சொல்லிக் குடுத்தேன்” என்று கிசுகிசுத்தாள். “‘கோ’ நான் செய்யலை. குவிஞ்ச சொல்லு குவிஞ்சே முடியணும்னு அது அப்பா வாயில தானா வந்திருக்கு.”

ஆறு ஒலிகளைப் பேரம் பேசி வாங்கினோம். கூடவே, அவள் செய்யாத ஒரு சொல் கொசுறாக வந்திருக்கிறது.

“உள்ள யாரு? என்ன சொல்றாரு?” என்றான் ஜிப் வியாபாரி.

“முதலாளி. விலை கட்டாதுங்கிறார்.”

அவன் யோசித்தான். கொஞ்சம் இறங்கினான். அலமாரிக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அத்தான் முன்னால் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார், இன்னும் இறக்குவதற்கு.