பறவைத் தீனி

என் தம்பி வெண்டெலுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள், கட்டி போய்விட்டது. போகும்போது நாக்கில் இருந்த ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மாட்டுக்கறி அட்டை மாதிரி இருக்கிறது என்றான். சூப்பு துணி அலசிய தண்ணீர் என்றான். லாரி ஓட்டுகிற ஆள், நின்றால் வாசலே அடைந்துபோகிற உடம்பு. இப்போது இடுப்பு வாரில் ஆணியால் குத்திப் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னும் எடை குறைந்தால் வயிற்றில் குழாய் வைக்கவேண்டியிருக்கும். எதையாவது சாப்பிட வையுங்கள், எதுவானாலும் சரி" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனைவி விட்டுப் போனதிலிருந்து அவன் ஆக்ரன் நகரத்தில் அம்மா வீட்டில்தான் இருக்கிறான். அண்ணன் டெல், அதாவது நான், பக்கத்துத் தெரு. கூரை ஓடு அடிக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க ஏணி ஏறி இறங்கிய முழங்காலோடு போய் அவன் எதிரே உட்கார்ந்தேன்.

"என்னதான்டா வேணும் ஒனக்கு? சொல்லித் தொலை, வாங்கியாரேன்."

இடுப்பு வாரின் புது ஓட்டையை விரலால் தடவினான்.

"கரடிப் பொரி" என்றான்.

சமையலறையில் அம்மா ஒரு தட்டைக் கீழே போட்டாள்.

கரடிப் பொரி என்றால் எங்களுக்குச் சனிக்கிழமை. விமானி கண்ணாடி மாட்டிய கரடி படம் போட்ட பெட்டி, உள்ளே சர்க்கரை பூசிய கோதுமைப் பொரி. அப்பாவுக்கு டயர் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். சனிக்கிழமை காலையில் அவர் தூங்குவார், நாங்கள் உள்ளாடையோடு டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம். டிவியின் குமிழ் உடைந்து போனதால் இடுக்கியால் திருகித்தான் சேனல் மாற்றவேண்டும். சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிடவேண்டும். கார்ட்டூன் பூனை மலையிலிருந்து விழுந்தால்கூட ஊமையாகத்தான் விழும். பாலில் போட்ட பொரியையும் நறநறவென்று கடிக்கக்கூடாது. "ஊறட்டும்" என்பாள் அம்மா. அது கஞ்சியாகிற வரைக்கும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம்.

பெட்டிக்குள் பரிசு ஒன்று இருக்கும். கையை விட்டுத் துழாவக்கூடாது, யார் கிண்ணத்தில் விழுகிறதோ அவனுக்கு. மற்ற பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் மோதிரம், விசில், நீர்மூழ்கிக் கப்பல் எல்லாம் வந்தது. எங்களுக்குத் தையல் விரலுறை வந்தது. பித்தளை வாஷர் வந்தது. ஒரு தடவை சாவி இல்லாத சின்னப் பூட்டு ஒன்று வந்தது. வெண்டெல் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், துப்பறிகிறவர்களின் பூட்டு என்று சொல்லிப் பாதிப் பள்ளியை நம்ப வைத்துவிட்டான்.

இன்னொன்று. எங்கள் வீட்டுக் கரடிக்கு ஒரு காது தேய்ந்து போயிருந்தது, பெட்டி மூலையெல்லாம் ஒட்டு நாடா. கடையில் நிற்கிற கரடிகளுக்கு இரண்டு காதும் இருந்தன. ஏன் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

நான் போய்க் கரடிப் பொரி வாங்கிவந்தேன். ஒரு வாய் வைத்தான். துப்பிவிட்டான்.

"இது இல்ல, டெல். மாத்திட்டானுங்க. திருட்டுப் பசங்க, செய்முறையவே மாத்திட்டானுங்க!"

பெட்டியின் பின்னால் இருந்த எண்ணுக்கு உடனே போன் போட்டான். தொண்டை இருந்த நிலைக்கு, துருப்பிடித்த கதவு பேசுகிற மாதிரி இருந்தது.

"இங்க பாரும்மா, பொறந்ததுலேருந்து ஒங்க கரடிய நம்பினவன் நான்... என்னது, தள்ளுபடிக் கூப்பனா? கூப்பன ஒங்க கரடிக்கே ஊட்டி விடு!"

போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் சமையலறைக்குப் போனேன். அம்மா ஏற்கெனவே துடைத்த தட்டை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில் அம்மா கடைக்குப் போனால் என்னைத்தான் கூட்டிப்போவாள். பெரிய பிளாஸ்டிக் மூட்டை ஒன்றை என் தோளில் ஏற்றுவாள். அதில் மஞ்சள் சூரியன் படமும் எழுத்தும் இருக்கும். என்னம்மா இது என்று கேட்டால் "பறவைத் தீனி" என்பாள். வெண்டெல் பள்ளிக்குப் போகுமுன்னே தெருப் பலகையெல்லாம் படித்துவிடுவான். எனக்கு எழுத்து ஏறவில்லை. அவனை ஏன் கூட்டிப்போகவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்கள் வீட்டில் பறவையே கிடையாது என்பதும் விளங்கவில்லை.

தலை நரைக்க ஆரம்பித்த பிறகு தொழிற்சங்கத்து மாலை வகுப்பில் படிக்கக் கற்றுக்கொண்டேன். கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்த காலம் அது. ஒருநாள் கடையில், மலிவுச் சாமான் அடுக்குகிற அடித் தட்டில் அதே சூரியன். குனிந்து கூட்டினேன். இ-னிப்-புக் கோ-து-மைப் பொ-ரி. அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கடைப்பையன் ஓடிவந்து ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டான்.

அம்மாவிடம் நான் சொன்னதில்லை. இப்போது வேறு வழியில்லை.

"அம்மா, அந்தப் பறவைத் தீனி இன்னும் விக்கிறாங்க."

"எந்தப் பறவைக்கு?"

"நம்மகிட்ட இல்லாத பறவைக்கு."

தட்டை வைத்துவிட்டு என்னை முறைத்தாள்.

"ஒனக்கு எப்படா தெரியும்?"

"படிக்கக் கத்துக்கிட்டப்ப."

"ஒழுங்கா இருந்தவன யாரு படிக்கச் சொன்னது?"

"அவன்கிட்ட சொல்லிடும்மா. மூட்டைப் பொரின்னு தெரிஞ்சா என்ன இப்ப?"

"என்னவா? எதுத்த வீட்டு கிளாடிஸ நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா? புள்ளைங்களுக்கு மூட்டைப் பொரி போடறவன்னு சர்ச்சு வாசல்ல நின்னு பேசியிருக்கேன்!"

"கிளாடிஸ்தான் போய்ச் சேந்தாச்சே."

"அதான்டா பயமாயிருக்கு. நாளைக்கு நான் மேல போனா வாசல்லயே நிப்பா அவ."

நான் சிரிக்கவில்லை. "அவன் சாப்பிடணும்மா" என்றேன்.

முன்னறையில் வெண்டெல் இருமினான். அம்மா சமையலறைக் கதவைச் சாத்தினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"போய் மூட்டைய வாங்கியா. கோட்டுக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வா. வரும்போது பால்மாவும் வாங்கிக்க."

"பால்மா எதுக்கு? பால்தான் இருக்கே."

"நீங்க பாலுன்னு நெனச்சுக் குடிச்சது அதத்தான்."

இதை மட்டும் எந்த எழுத்தும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை. அம்மா கரடிப் பெட்டியைக் காலி செய்து மூட்டைப் பொரியால் நிரப்பி வைத்திருந்தாள். டிவியில் இப்போதெல்லாம் கார்ட்டூன் கிடையாது. யாரோ ஒருவன் தன் குளியலறையை உடைத்துக்கொண்டிருந்தான். அம்மா போய்ச் சத்தத்தைக் குறைத்தாள்.

"அப்பா தூங்கறாரு" என்றாள்.

அப்பா மேட்டுக் கல்லறையில் தூங்குகிறார். நான் நாற்காலியை ஓசைப்படாமல் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வெண்டெல் வேண்டாவெறுப்பாகக் கரண்டியை எடுத்தான். "ஊறட்டும்" என்றாள் அம்மா. மூன்று பேரும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டிவிக்காரன் சத்தமில்லாமல் கழிப்பறைப் பீங்கானைச் சம்மட்டியால் அடித்தான்.

ஒரு வாய் வைத்தான். நிறுத்தினான். இன்னொரு வாய் வைத்தான். அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை.

"இதுதான்!" என்றான், கிண்ணம் காலியானதும். "பாத்தியா, டெல்? நான் போன் பண்ணிக் கத்தினேன்ல? ஒரே வாரத்துல பயந்துபோய்ப் பழையபடி செஞ்சுட்டானுங்க!"

"பின்ன?" என்றாள் அம்மா. "ஒன் குரலக் கேட்டா யாருதான் பயப்பட மாட்டாங்க?"

அவனே பெட்டியை எடுத்து இரண்டாவது கிண்ணத்துக்குக் கவிழ்த்தான். கிளிங் என்று ஏதோ விழுந்தது. ஊறும்வரை கரண்டியால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அப்புறம் வாயில் போட்டு, பாலை உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பினான்.

ஒரு சின்னச் சாவி.

எனக்கே ஒரு கணம் விளங்கவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது. அந்தப் பூட்டு இன்னும் அவன் லாரிச் சாவிக் கொத்தில்தான் தொங்குகிறது. அவன் சாவியைப் பார்த்தான், பெட்டியில் இரண்டு காதோடு நிற்கிற கரடியைப் பார்த்தான், நாக்கால் உதட்டைத் தடவி முகத்தைச் சுளித்தான்.

"துரு ருசி அடிக்குது" என்றான்.

"பொய் சொல்லாத! நல்லாக் கழுவித்தான்டா போட்டேன்!" என்றாள் அம்மா. சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிவியில் சுவர் ஒன்று ஊமையாக இடிந்து விழுந்தது.

வெண்டெல் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மிச்சத்தைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை அம்மா பக்கம் தள்ளினான்.

"ரொம்பச் சுத்தமான கம்பெனிம்மா" என்றான். "இன்னும் கொஞ்சம் போடு."