வாடை இல்லையென்றால் போகலாம்

முந்தின நாள் போட்ட மூன்றாம் மாடித் தளம் குளிரில் உறைந்து வீணானால், முதலில் உருளப்போவது மான்சிக்கின் தலைதான். கூலிக்குழுவின் தலைவன் அவன். சுன்சோன் நகரத்துக் குளிர் ஈரக் கான்கிரீட்டுக்கு எமன். அதனால் தளத்துக்கு அடியில் இருந்த மாடியைச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டி அடைத்து, உள்ளே தகர டிரம்களில் கரி போட்டு எரியவிட்டிருந்தார்கள். விடிந்து பார்த்தால் நெருப்பு சாம்பல் பூத்துக் கிடந்தது. யாராவது உள்ளே போய்க் கரி கொட்டியாக வேண்டும்.

காப்பித்தூள் வந்த தாளையே சுருட்டிக் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தான் தூஹோ. மான்சிக்கின் மனைவி ஒக்புன்னுக்குக் கூடப்பிறந்த தம்பி. அக்காள் சொல்லித்தான் இந்த வேலைக்கே வந்தவன்.

"மாப்ள, மூட்டையைத் தூக்கு."

"நான் போகல மாமா. காத்துல விஷம் இருக்கான்னு அளக்குற மீட்டர் வரட்டும்."

"மீட்டர் ஆபீஸ் பீரோல இருக்கு. பீரோ சாவி எஞ்சினியர் யாங் பாக்கெட்டுல இருக்கு. யாங் போர்வைக்குள்ள இருக்கான். அந்தத் தொரை எந்திரிச்சு வர்றதுக்குள்ள மேல எல்லாம் ஐஸ்கட்டியாயிடும்."

"ஆனா ஆகட்டும். ஆத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரு இப்படித்தான் கரி போடப் போனானுங்க. காலைப் புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. அந்த விஷத்துக்கு வாடையே கெடையாதாமே."

"எவன் சொன்னான்? கள்ளுக்கடையில எவனாவது உளறியிருப்பான்."

மான்சிக் கையுறையைப் பல்லால் கடித்து உருவினான். போனை எடுத்தான். நாற்பதைத் தாண்டி எழுத்துக் கூட்டக் கற்றவன் அவன். மனிதர்கள் வாயால் சொன்னதெல்லாம் அவனை ஏமாற்றியிருக்கிறது. எழுத்து ஏமாற்றியதாக அவனுக்கு நினைவில்லை. ஒற்றை விரலால் கேள்வியைத் தட்டினான். தேடலில் வந்த எல்லாவற்றுக்கும் மேலே, பதிலோடு ஒரு கட்டம் விரிந்தது. அதை உரக்கப் படித்தான்.

"'திரையை விலக்கிச் சிறிது நேரம் காற்றோட விடவும். புகை வாடை இல்லையென்றால் உள்ளே போகலாம்.' பாத்தியா? நீயே பாரு."

தூஹோ எட்டிப் பார்த்தான். அப்படித்தான் இருந்தது.

"இதை எழுதுனது யாரு?"

"ஆளு இல்லடா. உலகத்துல இருக்குற எல்லாத்தையும் படிச்சிட்டு மெஷினே சொல்லுது."

"அந்த மெஷின் எந்தக் கட்டடத்துல கரி சுமந்துச்சு?"

"சுமக்காததாலதான் அதுக்கு மூளை இருக்கு. பன்னிக் கொழுப்பு தின்னா நெஞ்சுல இருக்குற தூசியெல்லாம் கழுவிட்டுப் போயிடும்னு நம்புற பய நீ. நீ எனக்குப் பாடம் எடுக்குறியா?"

"நம்பி நம்பி தின்னேன். சாவலையே."

கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் மான்சிக்கைக் கிளப்பிவிட்டது. கட்டத்துக்குக் கீழே வேறு பக்கங்கள் வரிசையாக நின்றன. பெருவிரலை ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் போதும். தள்ளவில்லை. தார்ப்பாயைப் பிடித்து விலக்கினான். கொஞ்ச நேரம் நின்றான். மூக்கை உள்ளே நீட்டி இழுத்தான்.

"ஒரு வாடையும் இல்ல. போடா."

"மாமா, வேணாம்..."

"உங்கக்கா சோத்துல பங்கு கேக்குறப்ப மட்டும் வேணும், இது வேணாமா?"

மூட்டையை அவன் தோளில் ஏற்றி, முதுகில் கைவைத்து ஒரே தள்ளு. தூஹோ உள்ளே போனான். ஒரு டிரம்மில் கரி விழும் சத்தம் கேட்டது. இன்னொன்றில் பாதி விழுந்தது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னடா, படுத்துட்டியா?" என்று மான்சிக் கத்தினான். உள்ளிருந்து வசவு வரவில்லை. தூஹோ வசவுக்கு வசவு வைக்காமல் இருக்கிறவன் அல்ல.

 மான்சிக் கத்தியை எடுத்துத் தார்ப்பாயைக் கிழித்தான். மூச்சை அடக்கிக்கொண்டு ஓடி, சட்டைக் காலரைப் பற்றி இழுத்து வந்தான். தூஹோவின் முகம் சோஜுச் சாராயம் குடித்தவன் முகம்போலச் சிவந்திருந்தது. கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனை இறுக மூடிய ஓர் இரும்பு அறைக்குள் படுக்கவைத்து, அழுத்தத்தில் பிராணவாயு ஏற்றினார்கள். ஒக்புன் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தாள். கசங்காத சட்டையில் யாங்கும் வந்தான்.

"போன்ல போகலாம்னு போட்டிருந்துச்சு. சத்தியமா," என்றான் மான்சிக்.

"எங்க, குடுங்க." யாங் போனை வாங்கி அதே கேள்வியைத் தட்டினான். மேலே கட்டம் விரிந்தது. அதை ஒக்புன்னுக்குக் கேட்கும்படி படித்தான். "'ஒருபோதும் உள்ளே போகக்கூடாது. இந்த நச்சுக்கு வாடை கிடையாது. கருவியால் அளந்த பிறகே...'"

"கருவியைப் பூட்டி வச்சவன் நீதானேடா!" என்று கத்தினான் மான்சிக்.

"ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேனே, தலைவரே."

மான்சிக் போனைப் பிடுங்கித் திரும்பத் தட்டினான். மறுபடியும் தட்டினான். ஒவ்வொரு தடவையும் வார்த்தை மாறியது. காலையில் அவன் படித்த வாக்கியம் மட்டும் வரவில்லை. பொய் சொன்னவன் ஊரைவிட்டே ஓடிவிட்டதுபோல இருந்தது. தான்தான் தப்பாகப் படித்தோமோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

"படிக்கத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே," என்றாள் ஒக்புன். "என் தம்பிதான் கெடச்சானா உனக்கு?"

சாயங்காலம் தூஹோவுக்கு நினைவு திரும்பியது. தலை நிற்கவில்லை, வார்த்தை குழறியது. மான்சிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அந்த வாக்கியத்தைப் பார்த்த இன்னொரு மனிதன் உலகத்திலேயே இவன் ஒருவன்தான்.

"மாப்ள, நீ பாத்தேல்ல? போன்ல அப்படித்தான இருந்துச்சு? உங்கக்காகிட்ட சொல்லுடா."

தூஹோ தலையை மெல்ல ஆட்டினான்.

"இருந்துச்சு."

மான்சிக்குக்கு மூச்சு வந்தது. ஒக்புன் பக்கம் திரும்பினான்.

"ஆனா அக்கா," என்றான் தூஹோ, "என் முதுகுல இருந்தது போன் இல்ல. இந்தாளு கை."

ஒக்புன் எழுந்தாள். உள்ளங்கையை நீட்டினாள்.

"வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போ."