எட்டாய் மடித்த விண்ணப்பம்

அந்த வீட்டில் நூல்கண்டு காணாமல் போனால் போலீசுக்குப் போக வேண்டியதில்லை. தையல்காரியின் நாலு வயது மகள் பலகையைச் சாய்த்துப் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருப்பாள். பலகைக்கு அடியில் பார்த்தால் போதும். ஒரு கண்டை வைத்துப் பலகையை உயர்த்திக் காரை உருட்டுவாள், இன்னொன்றைச் செருகி மறுபடி உருட்டுவாள். அவள் சொந்தப் பெயர் போய் 'சக்கரம்' என்றே ஆகிவிட்டது.

தையல் கடைக்கு எதிர்ப் பள்ளியில் ஒரே ஓர் இடம் காலி என்று தெரிந்ததும் கார்களெல்லாம் மூட்டையாகப் பீரோ மேல் ஏறின. இந்த இடம் தப்பினால் ஊரின் அந்தக் கோடிக்குத்தான் கூட்டிப் போகவேண்டும். தினமும் பாதி நாள் கடையைப் பூட்டவேண்டும். தையல்காரி விடுவாளா? ஒரு வாரம் நிறமும் எண்ணும் ஒப்பிக்க வைத்தே பிள்ளையை ஒருவழி பண்ணிவிட்டாள்.

நேர்காணலில் தலைமையாசிரியை சிவப்பு அட்டையைக் காட்டினார். "இது என்ன நிறம்?"

ம்ஹூம்.

"சரி, ஒண்ணு ரெண்டு சொல்லு பாப்போம்."

வாய்க்குப் பூட்டு போட்டதுபோல் உட்கார்ந்திருந்தாள் சக்கரம்.

"சொல்லுடி! காலைல கடகடன்னு சொன்னியே!" தையல்காரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்று தலைமையாசிரியை பென்சிலை மேசைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. அதோடு மூன்றாவது தடவை.

சக்கரம் நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கினாள். பென்சிலை எடுத்து வைத்தாள், மேசை விளிம்பில் தாடையை ஊன்றி அது ஓடும் பக்கத்தைப் பார்த்தாள். சட்டென்று ஒரு தாளை இழுத்து மடித்தாள்.

"அடிப்பாவி! விண்ணப்பம்டி அது!"

"டீச்சர், மேசையோட இந்தக் காலைத் தூக்குங்க."

அந்த அம்மாளும் மறுபேச்சில்லாமல் தூக்கினார். தாள் அடியில் போனது. பென்சில் மெதுவாக உருண்டது.

"பத்தல. இன்னும் தூக்குங்க."

தாளை எடுத்து எட்டாய் மடித்து வைத்தாள். பென்சில் அசையவில்லை.

"இந்தக் கால்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பென்சில் இங்கதானே ஓடுது. அப்ப இங்கதான் பள்ளம். என் காரும் இப்படித்தான் ஓடும்." கொஞ்சம் நிறுத்திப் போட்டுக் கொடுத்தாள்: "அதைத்தான் அம்மா பீரோ மேல வச்சுட்டாங்க."

தையல்காரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தலைமையாசிரியை வாய்விட்டுச் சிரித்தார்.

"வேற விண்ணப்பம் எழுதுங்கம்மா. இது இங்கேயே இருக்கட்டும்."

"மேடம், நிறம், எண்ணெல்லாம்..."

"அதைச் சொல்லித் தரத்தானே நாங்க இருக்கோம்? நாளைக்கே அனுப்புங்க."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தையல்காரி மூட்டையை இறக்கினாள். பலகையையும் அவளே சாய்த்து வைத்தாள். வெட்கத்தை விட்டு, பிரிக்காத புது நூல்பெட்டியை நீட்டினாள்.

"எத்தனைடி வேணும்?"

சக்கரம் பலகையை ஒரு பார்வை பார்த்தாள்.

"மூணு போதும்மா. நாலு வச்சா கார் கவுந்துடும்."