மேபலின் கடைசி உச்சி

என் கணவர் ஹார்லனுக்கு இரண்டு காதலிகள். ஒருத்தி நான். இன்னொருத்தி மேபல், எங்கள் கிழட்டு நாய்.

கேட்ஸ்கில் மலைகளின் உயரமான சிகரங்களை எல்லாம் ஏறி முடித்தவர்களுக்கு எங்கள் மலையேறிகள் சங்கம் ஒரு துணிப்பட்டை தரும். நாய்க்கும் தரும். ஆனால் நாய் தன் சொந்தக் காலால் ஏறியிருக்க வேண்டும், தூக்கிக்கொண்டு போனால் செல்லாது. ஹார்லனும் மேபலும் சேர்ந்தே எல்லாவற்றையும் ஏறியவர்கள். பாக்கி ஒன்றே ஒன்று, பாதையே இல்லாத வாலஸ் மலை.

"பட்டையைக் கோட்டுல குத்திக்கிட்டு மேபல் பார்ட்டிக்குப் போகப் போறாளா?" என்று கேட்டுப் பார்த்தேன். அவர் சிரிக்கவே இல்லை. கோடையில் அங்கே முட்செடி மண்டிவிடும், அடுத்த வருடம் மேபலுக்கு முடியாது. மரங்கள் இலை விடும் முன்பே, மலையில் இன்னும் பனி உறைந்து கிடந்த ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்பினோம். நான் கேரட் கேக் செய்து முதுகுப்பையில் வைத்தேன்.

காலையில் பனியின் மேல்புறம் கெட்டியாக இருக்கும், நாய் அலுங்காமல் நடந்துவிடும். வெயில் ஏறினால் எல்லாம் கஞ்சிதான். அதனால் சீக்கிரம் ஏற வேண்டும். ஆனால் மலையடிவாரச் சேற்றில் கார் சிக்கிக்கொண்டது. தள்ளித் தள்ளி என் காது வரை சேறு. ஏற ஆரம்பித்தபோதே பனி இளகத் தொடங்கியிருந்தது.

ஹார்லன் திசைகாட்டியைப் பார்த்தபடி முன்னால் போனார். மேபல் நாலடி வைப்பதற்குள் ஒரு முறை பனியில் புதைந்தாள். உச்சியைச் சுற்றி அடர்ந்திருக்கும் ஊசியிலைக் காடு மேலே கறுப்பாகத் தெரிந்த இடத்தில் அப்படியே படுத்துவிட்டாள்.

"வாடி தங்கம். இன்னும் கொஞ்சம்தான்."

அவள் அவருடைய பூட்ஸின்மேல் தலையை வைத்துக்கொண்டாள்.

"தூக்கிக்கோ ஹார்லன். யாரு பாக்கப் போறா? மரங்கொத்தியா போய்ச் சொல்லப் போகுது?"

"மேபலுக்குத் தெரியுமே."

இந்த மனுஷர் இப்படித்தான். தான் நின்ற மேட்டைவிடப் பக்கத்து மேடு ஒரு சாண் உயரம் என்று யாரோ சொன்னதற்காக, ஒரு மலையைத் திரும்பவும் முதலிலிருந்து ஏறியவர்.

"சரி, நீயாவது போய்ட்டு வா. நாங்க இங்க உக்காந்திருக்கோம். நாளைக்கு உன் முழங்காலும் இப்படித்தான் படுத்துக்கப் போகுது."

மனமில்லாமல் கிளம்பினார். மேபல் எழுந்து பின்னாலேயே போகப் பார்த்தாள். நான் கழுத்துப்பட்டையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் மரங்களுக்குள் மறையும்வரை முனகிக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"மரம்."

எங்கள் மலைகளின் உச்சியில் வேறென்ன இருக்கும்! கட்டிப்பிடிக்கப் போனவள் நின்றுவிட்டேன். அந்த ஊசியிலைக் காட்டில் நுழைந்தவர் யாரும் சும்மா வெளியே வர முடியாது. சலவை இயந்திரத்திலிருந்து ஊசியிலை பொறுக்கியே எனக்கு வயதாகிவிட்டது. இன்று அவருடைய கம்பளித் தொப்பி பளிச்சென்று இருந்தது.

"ஊசி எங்க, ஹார்லன்?"

"என்ன ஊசி?"

"காதுல ரெண்டு, கழுத்துல நாலு, ஜட்டியில பத்து இருக்கணுமே. எங்க?"

காது சிவக்க, மேபல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"காட்டு விளிம்பு வரைக்கும் போனேன். இவ முனகுறது அங்க வரைக்கும் கேட்டுச்சு. இவளுக்கு ஒண்ணு பாக்கி நிக்கறப்ப எனக்கு மட்டும் முடிஞ்சா நல்லாவா இருக்கும்? ரெண்டு பேருக்குமே பாக்கி இருந்துட்டுப் போகட்டும், லொரேன்."

"அப்புறம் எதுக்கு ஆச்சுன்னு பொய் சொன்ன?"

"நீ பாவம், கேக்கெல்லாம் சுமந்துக்கிட்டு வந்தியே."

ஒரு சாணுக்காக மலையைத் திரும்ப ஏறிய மனுஷர், என் கேக்குக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அவரை அடிப்பதா முத்தமிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பிரியமாக இருந்தது.

"கேக்கு சாப்பிட உச்சி வேணும்னு சங்கத்துல சட்டமா இருக்கு?" என்று சொல்லி அங்கேயே வெட்டினேன். முதல் துண்டு மேபலுக்கு. என் துண்டில் பாதியும் மேபலுக்குத்தான் போனது.

கிளம்பும்போது ஹார்லன் குனிந்து அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இறங்கறப்ப தூக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல" என்றார்.

கார் வரைக்கும் அவளைக் கீழே விடவே இல்லை.