கப்பல்தொரைச்சாமியின் பன்னிரண்டு அடி

தொரைக்குழியில் திருட்டு போனால் போலீசுக்குப் போகிற வழக்கம் கிடையாது. கப்பல்தொரைச்சாமியிடம் போவார்கள். பூம்பாறைக்கு மேலே, கடலைக் கண்ணால் பார்த்திராத நூறு வீடுகளுக்கு வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி ஒருவர் காவல் தெய்வம். வில்லியம் ஹாஸ்கெட் என்று பெயர் வெட்டிய அவருடைய கல்லறைக்கு வருஷம் தவறாமல் பிராந்தியும் சுருட்டும் படைப்பார்கள். திருடன் என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்த ஆளை அந்தக் கல்லைக் கட்டிப்பிடிக்க வைத்து, கத்தாழை நார்ச் சாட்டையால் பன்னிரண்டு அடி கொடுப்பார்கள். தொரை தன் கப்பலில் அப்படித்தான் செய்தாராம். பன்னிரண்டு முடிந்ததும் எல்லோருக்கும் பொங்கல். அதன்பின் அந்தத் திருட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

இந்த முறை காணாமல் போனது இரண்டு மூட்டை விதைப்பூண்டு. எடுத்தது கமிட்டித் தலைவர் நல்லசாமியின் மருமகன் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அடிவாரத்துக் காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் ஊரில் ஒன்றே ஒன்று இருந்ததால், கமிட்டிக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டு மாரிமுத்துவுக்கு வெள்ளிக்கிழமை என்று தேதி கொடுத்தார்கள்.

டூரிஸ்ட் ஜீப் ஓட்டும் மாரிமுத்து மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அவன் அம்மா சின்னத்தாய்க்குக் குழாயடியில் தண்ணீர் கிடையாது, பூண்டுக் காட்டில் வேலை கிடையாது. பன்னிரண்டு என்றால் பத்து நாள் குப்புறப் படுக்கலாம், அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். கொடைக்கானல் மெடிக்கலில் முன்கூட்டியே களிம்பு வாங்கினான். காயம் எப்போது பட்டது என்று கடைக்காரர் கேட்டார். வெள்ளிக்கிழமை படும் என்றான்.

புதன்கிழமை அவன் ஜீப்பில் ஏறியவள் சுபஸ்ரீ. மதுரையில் ஆராய்ச்சி மாணவி. அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல் அதிகாரிகளைப் பற்றி எழுதுகிறாள். லண்டனிலிருந்து வரவழைத்த கடற்படை ஆவண நகல்களோடு ஹாஸ்கெட்டின் கல்லறையைத் தேடி வந்திருந்தாள். வளைவுக்கு வளைவு தொரையின் உத்தியோக வரலாற்றைச் சொன்னாள்.

பன்னிரண்டு வயதில் கப்பலேறியவர். மாமாவுக்கு ஒரு பிரபுவைத் தெரியும் என்பது அவருடைய ஒரே தகுதி. பரீட்சையில் இரண்டாவது தடவை தேறி லெப்டினன்ட் ஆனார். ஒரு மாலுமியைச் சாட்டையால் அடித்தபோது அருகில் நிற்க வேண்டியவர், மயங்கிக் கேப்டனின் மேலேயே விழுந்தார். 'தண்டனையின்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், லாயக்கில்லை' என்று கேப்டன் எழுதிவைத்தார். சண்டைகள் ஓய்ந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மேலே இருக்கிறவர்கள் செத்தால்தான் பதவி உயரும். எல்லோரும் திடகாத்திரமாக இருந்தார்கள். முப்பது வருஷம் பாதிச் சம்பளத்தில் கப்பலுக்குக் காத்திருந்துவிட்டு, மருமகளோடு இந்த மலைக்கு வந்து சளியில் செத்தார்.

மாரிமுத்து ஜீப்பை ஓரம் கட்டினான். சாட்டையைப் பார்த்து மயங்கி விழுந்த மனுஷன் பேரிலா தன்னை அடிக்கப் போகிறார்கள்? வெள்ளிக்கிழமை வந்து இதை ஊரார் முன்னால் சொல்ல வேண்டும் என்று கெஞ்சினான். அவள் சம்மதித்தாள். கோர்ட் கூட்டாமல் கேப்டன் பன்னிரண்டுக்கு மேல் அடிக்கக் கூடாது என்று கப்பலில் ஒரு சட்டம் இருந்தது, ஹாஸ்கெட் வழியாக அதுதான் இங்கே வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். மாரிமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. பன்னிரண்டைப் பூஜ்யமாக்கும் சந்தோஷத்தில் இருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை கல்லைச் சுற்றி ஊர் கூடியது. சட்டையைக் கழற்றிவிட்டு நின்ற மாரிமுத்து, அடிக்கு முன்னால் மேடம் சாமியைப் பற்றி நாலு வார்த்தை பேசட்டும் என்று கேட்டுக்கொண்டான். படித்த பிள்ளை சாமியைப் புகழப் போகிறது என்று நல்லசாமி அனுமதி கொடுத்தார். சுபஸ்ரீ நகல்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். மயங்கி விழுந்ததை இரண்டு தடவை சொன்னாள்.



"சண்டையில எத்தன பேரக் கொன்னாரு?" என்று நல்லசாமி விசாரித்தார்.

"அப்படி எதுவும் எழுதலைங்க."

"கப்பலு?"

"அவருக்குன்னு கப்பல் கொடுக்கவே இல்லைங்க."

பிராந்தி படைக்கும் முறைக்காரி கந்தம்மாளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "முப்பது வருசம் சோலி இல்லாம வீட்ல கெடந்தவனுக்கா நான் வருசா வருசம் முழுப் பாட்டில் ஊத்துனேன்?" என்றாள்.

கமிட்டி அங்கேயே கூடி ஐந்து நிமிஷத்தில் தொரையைச் சாமி பதவியிலிருந்து இறக்கியது. கடற்படை முப்பது வருஷம் இழுத்தடித்த காரியம். பூசாரி தண்டாயுதபாணி மாலையைக் கழற்றினார். மாரிமுத்து சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஏலே, எங்க கெளம்பிட்ட?" என்றார் நல்லசாமி.

"சாமியே இல்லன்னு ஆயிருச்சேங்க."

"சாமி இல்லலே. பூண்டு போனது போனதுதான? வெரசா வந்து கல்லப் பிடி."

மாரிமுத்து சட்டையைத் தோளிலிருந்து இறக்கினான். "சரிங்க. பன்னெண்டுதானங்க?" என்றான்.

நல்லசாமி ஊராரைப் பார்த்தார். பன்னிரண்டோடு நிறுத்தச் சொன்னது தொரைதானே, அவரைத்தான் இறக்கியாயிற்றே என்று பொறுமையாக விளக்கினார். நியாயம் என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். இவன் அம்மாவை இனி என்ன செய்வது என்பதையும் பிறகு பேசலாம் என்றார். அடிக்குப் பிறகு திருட்டைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பதும் தொரை காலத்து வழக்கம்தான், அதுவும் போயிற்று.

சுபஸ்ரீ கத்தினாள். போன் செய்யச் சிக்னல் தேடி வளைவுப் பக்கம் ஓடினாள். போலீஸ் கொடைக்கானலிலிருந்து வர ஒன்றரை மணி நேரமாகும் என்று யாரோ அவளுக்கு அக்கறையாகச் சொன்னார்கள். நல்லசாமியின் மருமகன் சாட்டையை நனைத்துக் கொண்டுவந்தான்.

பூசாரி பழக்கத்தில் பன்னிரண்டு வரை சத்தமாக எண்ணினார். பிறகு எண்ணுவதற்கு அவசியமில்லை என்று அவருக்கே பட்டது. ஓரமாக உட்கார்ந்து வெற்றிலையை மடித்தார்.