தொண்ணூற்றேழு டிகிரியில் ஒரு கல்யாண வீடியோ

ஐடா கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். பழைய தங்கச் சுரங்கப் பகுதியான நந்திதுர்க்கில் இருக்கும் வீட்டின் முன்னறைதான் அவளுடைய ஸ்டுடியோ. ஜெனிட்டாவின் கல்யாண வரவேற்பில் அன்று மாலை காட்ட வேண்டிய வீடியோ பாதி தயாராகும்போதே கம்ப்யூட்டர் திரை பட்டென்று இருண்டது. காலையிலிருந்து இதே கதைதான்.

"மறுபடியும் பூட்ச்சா?" என்று எட்டிப் பார்த்தார் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமனார் மாணிக்கராஜ். கல்யாணத்துக்காக அப்போதே வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராகியிருந்தார்.

"பூட்ச்சு மாமா." ஐடாவுக்கு அழுகை முட்டியது. துபாயில் லீவு கிடைக்காமல் மாட்டிக்கொண்ட ஜெனிட்டாவின் அண்ணன், தங்கைக்காகப் பேசி அனுப்பியிருந்தான். அது வீடியோவில் வரப்போவது மணப்பெண்ணுக்குத் தெரியாது.

பெங்களூரில் வேலை செய்யும் தம்பி எல்வினுக்குப் போன் போட்டாள்.

"சூட்டுல தானா ஆஃப் ஆவுதுக்கா. ஒரு சாஃப்ட்வேர் லிங்க் அனுப்பறேன், போட்டுப் பாரு. உள்ள எவ்ளோ சூடுன்னு காட்டும்."

அதைப் போட்டதும் திரையின் மூலையில் ஐம்பத்தெட்டு என்று பச்சையில் ஓர் எண் வந்து உட்கார்ந்தது. ஐடா வீடியோவை ஓடவிட்டாள். எண் மஞ்சளாகி, சிவப்பாகி, விறுவிறுவென்று ஏறியது. மாணிக்கராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாசிக்க ஆரம்பித்தார்.

"எண்பத்தாறு... தொண்ணூறு... தொண்ணூத்தியேழு! நிறுத்தும்மா, நிறுத்து!"

அணைவதற்குள் நிறுத்திவிட்டாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால், விசிறிக்கடியில் மாவுபோல மண் அப்பிக் கிடந்தது.

"காத்தடிச்சா சுரங்கக் கழிவு கொட்டின சயனைடு மேட்டு மண்ணு சோத்துலயே விழுது. இதுல விழாதா?" என்றார் அவர்.

பிரஷ் உள்ளே எட்டவில்லை. ஐடா சற்று யோசித்தாள். "மாமா, ஸ்கூட்டர்ல ஏறுங்க. மஞ்சுநாத் கடைக்குப் போலாம்."

மஞ்சுநாத் பஞ்சர் கடைக்காரர். மாணிக்கராஜ் மடியில் பெட்டியோடு வந்து இறங்கியதும் மஞ்சுநாத் காற்றுக் குழாயைக் கையில் எடுத்தார்.

"இன்னாக்கா, இதுக்கு எத்தினி பாயிண்ட் காத்து வெக்கணும்?"

"வெளையாடாதீங்க. கல்யாண வீடியோ நிக்குது!"

அதன்பின் அவர் விளையாடவில்லை. குழாயிலிருந்த ஈரத்தை முதலில் வெளியே அடித்துத் தீர்த்தார். விசிறி சுற்றாதபடி ஐடா விரலால் பிடித்துக்கொள்ள, தள்ளி நின்று மெல்ல ஊதினார். குபுக்கென்று கிளம்பிய மண் முழுக்க மாணிக்கராஜின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது.

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். "சுரங்கத்துல ஷிஃப்ட் முடிச்சிட்டு கேஜ்ல மேல ஏறி வந்தவன் மாதிரி ஆக்கிட்டியேப்பா!"

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

வீட்டில் மீண்டும் வீடியோவை ஓடவிட்டபோது எண் எழுபத்தொன்று வரை ஏறி, அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னாம்மா, ஏறவே மாட்டுது!" என்று ஏமாற்றத்தோடு எழுந்து வேறு சட்டை தேடப் போனார் மாணிக்கராஜ். வீடியோ முழுதாகத் தயாரானது.

மாலை, சர்ச் ஹாலின் திரையில் அண்ணனின் முகம் தெரிந்ததும் ஜெனிட்டா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அழுவாத, மேக்கப் கலைஞ்சா மாப்ள பயந்துருவாரு" என்று அவன் சொல்ல, அவள் அழுதுகொண்டே சிரித்தாள். முடிந்ததும் ஐடாவைத் தேடி நேராக ஓடிவந்தாள்.

"அக்கா, அண்ணன் பேசறத திருப்பிப் போடுங்க."

ஐடா போட்டாள். அது முடிந்ததும் மாப்பிள்ளையே கையைத் தூக்கி, இன்னொரு தடவை என்றார். அந்தப் பக்கம் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.