வாத்துப் படம் இருந்த சுவர்

எந்தப் படத்தைக் காட்டினாலும் என் வீட்டுக்காரருக்கு அது பாரிஸ்தான். ஆறு இருக்கிறதா, பாலம் இருக்கிறதா, அப்புறம் என்ன யோசனை என்பார். ஒருமுறை எங்கள் தெருக்கோடியில் கால்வாய் உடைந்து நின்ற படத்தைக் காட்டினேன். அதற்கும் பாரிஸ் என்றார். வேண்டுமென்றே சொல்கிறாரா, நிஜமாகவே தெரியாதா என்பது இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

இந்த விளையாட்டை ஆரம்பித்தது என் அக்கா. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குப் பிடித்த ஒரே கிறுக்கு, ஐரோப்பாவில் ஆற்றுக் கப்பல். கடல் வேண்டாம், ஆறுதான் வேண்டும். படுத்தபடியே ஊர் பார்க்கலாம், காலை நீட்டினால் கரை என்பாள். போகிற இடமெல்லாம் தினமும் ஒரே ஒரு படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவாள். எந்த ஊர் என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

சட்டதிட்டம் எல்லாம் உண்டு, டீச்சர் ஆயிற்றே. ஒரு நாளைக்கு மொத்தம் மூன்று கேள்வி கேட்கலாம். ஆமா, இல்லை என்று மட்டும் பதில் வரும். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு விடைதான், போட்டது போட்டதுதான். அவளாக ஒரு சின்னத் துப்புக்கூடத் தரமாட்டாள். அந்தக் காலத்தில் அவள் தயாரித்த கேள்வித்தாளைச் சொந்த மகன்கூடப் பார்க்க முடியாது. பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்குகிறவள்.

நான் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். போன பயணத்தில் எட்டு நாளும் எட்டு ஊரும் சரியாகச் சொன்னேன். அக்கா அசந்துபோனாள். அவள் மகனைத் தாஜா பண்ணி டிராவல்ஸ்காரர் கொடுத்த பயணத்தாளை வாங்கி வைத்துக்கொண்டேன் என்பது பிறகு தெரிந்துபோய், இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. எழுபத்தோரு வயசுக்காரி அறுபத்தாறு வயசுக்காரியோடு டூ விட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் இந்தத் தடவை ஒழுங்காக விளையாடினேன். எனக்கும் ஒரு சரக்கு உண்டு. அணைக்கட்டு ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் நீர்மட்டம் எழுதுகிற வேலை பார்த்தவள் நான். காலையும் மாலையும் போய் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் படத்தில் கோபுரத்தைப் பார்ப்பார்கள், நான் தண்ணீரைப் பார்ப்பேன். முதல் நாள் படத்தில் ஒரே இடத்தில் தண்ணீர் மூன்று நிறத்தில் வந்து கலந்தது, ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு, ஒன்று பால் கலந்த பச்சை. மூன்று ஆறு கூடுகிற ஊரைத் தேடினேன், பாஸாவ். சரி என்றாள். இரண்டாம் நாள் கோட்டைவிட்டேன். மூன்றாம் நாள் நீலக் கோபுரம் ஒன்று ஆற்றை எட்டிப்பார்த்தது, ட்யூர்ன்ஸ்டைன். அதுவும் சரி.

நாலாம் நாள்தான் வினை.

காலையில் வந்த படம் அக்காவின் கப்பல் அறை. பாதிப் படத்தில் கட்டிலும் சுவரும், மீதிப் பாதியில் ஜன்னல். கீழே எழுதியிருந்தாள்: "அதே ரூம், அதே நம்பர், அதே கட்டில். சுவத்துல இருந்த வாத்து மட்டும் குதிரையாயிடுச்சு. எந்த ஊர், சொல்லுங்க பாப்போம்."

நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் வீட்டுக்காரர் குரூப்பில் பாரிஸ் என்று போட்டுவிட்டார்.

"ஏங்க, ஒரு வீட்டுக்கு ஒரு விடைதான்னு எத்தன தடவ சொல்றது? இன்னிக்கு என் வாய்ப்பு போச்சா?"

"என்னிக்காவது ஒரு நாள் பாரிஸ் வரும்ல. அன்னிக்கு நான் போடாம இருந்தா மனசு கேக்குமா?"

இந்தச் சண்டை மத்தியானம் வரைக்கும் நீண்டது. அது முடிவதற்குள் வாசல் மணி அடித்தது. அக்காவின் மகன். கையில் பெட்டி, முகத்தில் ரத்தமே இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர் அவன். எரிந்த கடை, நசுங்கின கார், இவற்றைப் பார்த்து நஷ்டம் எழுதுவதுதான் பிழைப்பு. எதைப் பார்த்தாலும் முதலில் சேதம்தான் அவன் கண்ணில் படும்.

"சித்தி, ராத்திரி பத்து மணிக்கு பிளேன். போன வருஷம் எடுத்த விசா இருக்கு. அம்மாவப் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"ஏன்டா, உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. தலதான்." நாற்காலியில் உட்கார்ந்தான். பெட்டியைக் கையிலிருந்து விடவில்லை. "அந்த மெசேஜப் படிச்சீங்கல்ல? வாத்து குதிரையாயிடுச்சாம். போன மாசம் ரெண்டு தடவ வீட்டுச் சாவியத் தொலைச்சாங்க. அப்பவே சொன்னேன், தனியா அனுப்பாதீங்கன்னு. போகட்டும்டான்னு சொன்னது நீங்க."

நான்தான் சொன்னேன். மறுக்கவில்லை.

"போன் பண்ணிக் கேட்டியா?"

"கேட்டேனே. பயணத்தாள்ல இன்னிக்கு வியன்னான்னு இருக்கு. வியன்னாதானம்மான்னு கேட்டேன். இல்லையேங்கறாங்க. அப்ப எந்த ஊர்ல இருக்கன்னேன். சொல்லமாட்டேன்னு சிரிச்சு போன வெச்சுட்டாங்க. டிராவல்ஸ்ல கேட்டா, கப்பல் இன்னிக்கு வியன்னாதான் சார்னு தாளப் பாத்துப் படிக்கறான். ஊர் தெரியாதவங்க இப்படித்தான் சித்தி சிரிச்சு மழுப்புவாங்க. என் மாமனார் அப்படித்தான் ஆரம்பிச்சார்."

வீட்டுக்காரர் அவனுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் தள்ளி உட்கார்ந்தார்.

"கூட்டிட்டு வந்து?"

"எங்க வீட்லதான் இருக்கணும். பின் ரூமக் காலி பண்ணியாச்சு. அவங்க வீட்டப் பூட்டிடுவோம். இனிமே தனியா எங்கயும் கிடையாது."

அக்கா தன் வீட்டில் எப்படி இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை நாற்காலிகளை இடம் மாற்றுவாள். காலை ஐந்து மணிக்கு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவாள், யாருக்காகவும் இல்லை, சும்மா. அவளைப் பின் அறையில் உட்காரவைத்தால் மறதி இல்லாமலிருந்தாலும் வந்துவிடும். ஆனால் அவன் சொல்வதும் உண்மையாக இருந்துவிட்டால்?

"நாலு மணி வரைக்கும் டயம் குடு. படத்த நான் ஒழுங்கா இன்னும் பாக்கல" என்றேன்.

"விளையாட்டு இல்ல சித்தி இது."

"நானும் விளையாடல."

அவனுடைய மடிக்கணினியை வாங்கி, நாலு நாள் படத்தையும் பெரிதாக்கி வரிசையாக வைத்தேன். முதல் நாள் அக்கா அறையைக் காட்டத் தனியாக ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதில் கட்டிலுக்கு மேலே கொழுத்த வாத்து ஒன்று. இன்றைய படத்தில் அதே கட்டில், அதே விளக்கு, அதே திரைச்சீலை. மேலே குதிரை.

"பாரு, படம் நிஜமாவே மாறியிருக்கு. அவ கண்ணு சரியாத்தான் இருக்கு."

"சரி, வேற ரூமுக்கு மாத்தியிருப்பாங்க. அது தெரியாம அதே ரூம்னு சொல்றாங்க."

ஜன்னலைப் பெரிதாக்கினேன். எதிர்க்கரையில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் 1868 என்று எண்.

அக்காவின் கப்பல் போகிற டான்யூப் ஆற்றில் கரையோரம் கிலோமீட்டர் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். கடலில் சேருகிற இடம் பூஜ்யம். அங்கிருந்து மலைப்பக்கமாக எண்ணிக்கொண்டே வருவார்கள். கப்பல் கீழே போகப்போக எண் குறையும். பாஸாவ் 2226. நேற்றைய ட்யூர்ன்ஸ்டைன் 2009. நோட்டில் எழுதி வைத்திருந்தேன், பழைய புத்தி.

"நேத்து 2009. இன்னிக்கு 1868. ஒரே ராத்திரியில நூத்து நாப்பத்தியொரு கிலோமீட்டர்" என்றேன்.

"போயிருக்கும். அதுக்கென்ன?"

அதுதான் போயிருக்காது என்று எனக்குள் ஏதோ உறுத்திற்று. நேற்றைய படத்துக்குத் திரும்பிப் போனேன். நீலக் கோபுரத்தைத் தேடும் அவசரத்தில் நான் சரியாகப் பார்க்காமல் விட்ட தண்ணீர் அங்கே இருந்தது. இல்லை, இல்லாமல் இருந்தது. ஆற்றின் நடுவில் கூழாங்கல் திட்டு ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் ஒருவர் நாயோடு நடந்துகொண்டிருந்தார். கரைப்படிகளில் தினமும் நனைகிற கல் கறுத்திருக்கும், அந்தக் கறுப்பு முழுவதும் வெளியே வந்து காய்ந்து கிடந்தது. கப்பலிலிருந்து கரைக்குப் போட்ட நடைபலகை ஏணி மாதிரி செங்குத்தாக நின்றது. கப்பல் அவ்வளவு கீழே இறங்கியிருந்தது.

"டேய், இங்க வா. நாய் நடக்கற ஆத்துல கப்பல் எப்படிடா போகும்?"

அவன் குனிந்து பார்த்தான்.

"அந்தக் கப்பலோட அடிவயிறு ஏறக்குறைய ஒரு ஆள் உயரம் தண்ணிக்குள்ள இருக்கணும். இதுக்குக் கீழ ஒரு அடி நகர்ந்திருக்காது. அப்ப உங்கம்மா 1868க்கு ரோடு வழியாத்தான் வந்திருக்கா."

"அப்ப ரூம்? கப்பல் அங்கயே நிக்குது, ரூம் மட்டும் கூடவே வந்துச்சா?"

என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏம்ப்பா, நம்ம தெருவுல எட்டு வீடு ஒரே பிளான்ல கட்டல? நானே ஒரு தடவ பக்கத்து வீட்டுக்குள்ள போய் சோபாவுல உக்காந்துட்டேன். சுவத்துல காலண்டர் வேறயா இருக்கேன்னுதான் எந்திரிச்சேன்."

நாங்கள் இருவரும் அவரையே பார்த்தோம். பாரிஸைத் தவிர அவர் வாயிலிருந்து வந்த முதல் துப்பு அது.

"ரெண்டு கப்பல்" என்றேன். "ஒரே அச்சுல வார்த்த ரெண்டு கப்பல். ஒண்ணு மேல தரை தட்டி நிக்குது. இன்னொண்ணு கீழயிருந்து வந்து நின்னிருக்கு. ஆளுங்கள பஸ்ஸுல வியன்னாவத் தாண்டிக் கொண்டுவந்து, அதே நம்பர் ரூம்ல இறக்கி விட்டிருக்காங்க."

"கதை நல்லா இருக்கு சித்தி. உங்க அக்காவுக்காக நீங்க கட்டற கதை."

"கேட்டுட்டா போச்சு. மூணு கேள்வி இருக்கில்ல."

குரூப்பில் தட்டினேன்: "அக்கா, பஸ்ஸுல வந்தியா?"

அவன் எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"ஆமா" என்று வந்தது.

"இது வேற கப்பலா?"

இதற்குப் பதில் வரக் கொஞ்சம் நேரமானது. அந்த நேரத்தில் அவன் பெட்டிக் கைப்பிடியை மடக்குவதும் நிமிர்த்துவதுமாக இருந்தான்.

"ஆமா. பரவால்லயே, தேறிட்ட. நேத்து மத்தியானமே மாத்திட்டாங்க. இனிமே நான் வாயத் தொறக்கமாட்டேன்."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எந்த ஊர்னு பதறிப்போய்க் கேட்டேன். சிரிக்கறாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "உன்கிட்ட மறைக்கலடா அவ. என்கிட்டதான் மறைச்சா. போன தடவ நீதான பயணத்தாளக் குடுத்த? இந்தத் தடவ நீ போன் பண்ணி ஊரக் கேட்டா என்ன நினைப்பா? சித்தி மறுபடியும் பையன ஏவிவிட்டான்னுதான். கேள்வித்தாளப் பூட்டிட்டா."

அவன் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்து நின்றது. சட்டென்று என் போனை வாங்கி ஏதோ தட்டினான். நான் பிடுங்குவதற்குள் அனுப்பிவிட்டான்.

"மாத்திரை போட்டியாம்மா?"

பதில் உடனே வந்தது. "ஆமா. மூணு கேள்வியும் முடிஞ்சுது."

"அடப்பாவி, கடைசிக் கேள்விய இப்படி வீணாக்கிட்டியே" என்றேன்.

"எப்பவும் கேக்கறதுதான் சித்தி, கை பழக்கம்."

"அதான் சொல்றேன். வேற எதையாவது நீ அவகிட்ட கேட்டு எவ்வளவு நாளாச்சு?"

குத்திக்காட்ட நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஆற்றின் வரைபடத்தைத் திறந்து, அந்த எண்ணை வைத்துக்கொண்டு, வளைவு வளைவாகக் கீழே இறங்கினான். நசுங்கின காரைப் பார்க்கிற அதே உன்னிப்பு. எனக்கு ஊர் தெரிந்துவிட்டது, நாக்கின் நுனியில் நின்றது. சொல்லவில்லை. சொன்னாலும் எங்கள் வீட்டு விடை ஏற்கெனவே பாரிஸில் கிடந்தது.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். அவன் தன் போனை எடுத்து, தன் வீட்டு விடையாக, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரூப்பில் ஊர் பெயர் போட்டான்: "பிராட்டிஸ்லாவா."

அக்காவிடமிருந்து நேராகப் போன்தான் வந்தது. அவன் ஒலிபெருக்கியைப் போட்டான்.

"யார் சொன்னா உனக்கு? சித்திதான?"

"இல்லம்மா. ஜன்னல்ல கிலோமீட்டர் பலகை தெரிஞ்சுது. நானே வரைபடத்துல பாத்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சித்தி பக்கத்துலதான இருக்கா?"

"இருக்கா" என்றேன் நான். "வாயத் தொறக்கல."

தூரத்தில் தட்டு, கரண்டி சத்தம் கேட்டது. அப்புறம் அக்காவின் டீச்சர் குரல் வந்தது. "சரி, உனக்கு ஒரு மார்க். அந்தப் பலகை படத்துல விழணும்னு நான் கட்டில் மேல ஏறி நின்னு எடுத்தேன், தெரியுமா? ஒருத்தரும் கவனிக்கமாட்டீங்களோன்னு பாத்தேன்."

"கட்டில் மேல ஏறினியா? விழுந்து வெச்சா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "அம்மா, வாத்து நல்லா இருந்துச்சா, குதிரை நல்லா இருக்கா?" என்றான்.

"வாத்துதான்டா. குதிரை மூஞ்சி உங்க ஹெட்மாஸ்டர் மாதிரியே இருக்கு. காலைல கண்ணு முழிச்சதும் பயந்துட்டேன்." அவள் சிரித்து முடித்த பிறகும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு பிளேன் டிக்கெட்டை ரத்து செய்தான். பின் அறையை மறுபடியும் என்ன செய்யப்போகிறான் என்று நான் கேட்கவில்லை. சாவி தொலைந்தது தொலைந்ததுதான், அதை அவள் திரும்பி வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"நாளைக்குப் படம் எத்தன மணிக்கு வரும் சித்தி?"

"பத்தரைக்கு."

"நான் பாக்கறதுக்குள்ள சித்தப்பா பாரிஸ்னு போட்டுடப்போறார்."

"போடட்டும். உன் வீட்டு விடை வேற, எங்க வீட்டு விடை வேற" என்றார் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர்.